முப்பதடி தூரம்

"அதத் தொடாத தம்பி! என் புள்ள வர்ற வழிய அடைச்சிடாத!"

ஹலீமா பீ ஓடி வந்து சவுண்ட்பாரைக் கையால் மறைத்துக்கொண்டார். ரிப்பேர் பார்க்க வந்த பரணிதரன் திருதிருவென விழித்தான்.

கதவுத் திரைக்குப் பின்னாலிருந்து மருமகள் ரஃபத் ஜஹான் பேசினாள். "தப்பா நெனைக்காதீங்கண்ணா. அவர் மௌத்தானதுலேர்ந்து வியாழக்கிழம சாயங்காலம் ஆனா இந்தப் பொட்டி தானா 'கனெக்டட்'னு சொல்லுது. அவரோட ரூஹு, அதாங்க ஆவி, வருதுன்னு அம்மி சொல்றாங்க. எனக்குப் பயமா இருக்கு. அதான் இன்னிக்கே வரச் சொன்னேன். ரிப்பேரா இல்லியான்னு மட்டும் சொல்லிட்டுப் போங்க."

"வியாழக்கிழம ரூஹு வீட்டுக்கு வரத்தான் செய்யும். அதுக்குத்தானே ஃபாத்திஹா ஓதறோம்?" ஹலீமா பீ முக்காட்டால் கண்ணைத் துடைத்தார்.

அவர் மகன் தவ்ஃபீக் ஷூ கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். வேலை முடிந்து வரும்போது ஹைவேயில் ஏதோ ஒரு வண்டி அடித்துப் போட்டுவிட்டுப் போய்விட்டது. பார்த்தவர் யாருமில்லை. பெற்ற வயிற்றுக்கு மிஞ்சியிருப்பது அந்த ஒற்றை வார்த்தைதான். அதையும் பிடுங்க வேண்டுமா என்று பரணிக்குச் சங்கடமாக இருந்தது.

பெட்டியை மெதுவாகத் திருப்பிப் பார்த்தான்.

"நல்லாத்தாங்க இருக்கு. பேசிக் மாடல். டிஸ்ப்ளே இல்ல, ரிமோட் இல்ல, பேஸ் சத்தம் ரொம்பக் கம்மி. ஒரு நேரத்துல ஒரு போன்தான் எடுக்கும். ஆனா ஒரு தடவ சேர்ந்த போனை மறக்காது. அது முப்பதடிக்குள்ள வந்தா தானா சேர்ந்துக்கும்."

"அவர் போனத் தவிர வேற எதையும் இதுல சேர்த்ததில்லியே."

"அப்ப அந்த போன் வீட்லதான் எங்கியோ இருக்கு. தேடிப் பாருங்க."

"இல்லீங்கண்ணா. அடிபட்ட எடத்துலயே காணாம போச்சு. போலீஸும் தேடிப் பாத்துட்டாங்க, கெடைக்கல."

பரணி வாய் திறப்பதற்குள் பெட்டி பேசிவிட்டது. "கனெக்டட்."



"வந்துட்டான்! என் ராஜா வந்துட்டான்!" ஹலீமா பீ விம்மினார்.

வாசலில் யாரோ செருப்பைக் கழற்றினார்கள். தவ்ஃபீக் அடிபட்ட அன்று தான் ஊரிலேயே இல்லாமல் போய்விட்டேனே என்று வாராவாரம் வந்து அழும் அவனுடைய தோஸ்த் ஆபித் பாஷா, ஃபாத்திஹா ஓத ஊதுவத்தியோடு உள்ளே வந்தான்.

"பாரு ரஃபத், உசுரோட இருந்தப்ப மாதிரியே ரெண்டு பேரும் ஒண்ணாவே வந்திருக்காங்க" என்றார் ஹலீமா பீ.