மெனு பாரைக் காணோம்

ஓய்வு பெற்ற மேலாளருக்கு அன்று காலையும் கம்ப்யூட்டரில் இன்டர்நெட்டைத் திறந்தால் உச்சியில் இருக்கும் மெனு பாரைக் காணோம்.

"துடைக்கிற துணியோட இந்தப் பக்கம் வந்தியா?" என்று சமையலறையைப் பார்த்துக் கத்தினார்.

"எனக்கென்னங்க தெரியும் அதைப் பத்தி?" என்றாள் மனைவி, வெங்காயத்திலிருந்து தலை தூக்காமல்.

"உனக்கு என்னதான் தெரியும்? நாற்பது பேரை மேய்ச்சவன் நான்!"

மேய்த்த பழக்கம் இன்னும் போகவில்லை. சும்மா இருந்தால் சமையலறைக்குள் நுழைந்து டப்பாக்களுக்கு நம்பர் ஒட்டுவார். ஏன் இத்தனை உப்பு என்று விளக்கம் கேட்பார். ஒரு வாரமாகத்தான் அந்தத் தொல்லை இல்லை. எதையெதையோ தட்டி, எப்படியோ மெனு பார் திரும்பி வரவே தினமும் மதியம் ஆகிவிடுகிறது. யாரையாவது கேட்கலாம்தான், கேட்டால் மகாராஜாவின் கிரீடம் இறங்கிவிடுமே!

ஆனால் அன்று பத்தே நிமிஷத்தில் குரல் வந்தது.

"கண்டுபிடிச்சிட்டேன்! மேலே காலி இடத்துல ரைட் கிளிக் பண்ணி, மெனு பார்னு இருக்கறதுல டிக் போட்டா வந்துடுது. இதெல்லாம் உன் மண்டையில ஏறுமா? சரி, அந்தச் சர்க்கரை டப்பாவை ஏன் இடம் மாத்தினே? இதோ வர்றேன்."

அவள் அவசரமாகப் பின்கட்டுக்குப் போய் மகளுக்குப் போன் போட்டாள்.

"நீ சொல்லிக்குடுத்தபடி தினமும் அந்த டிக்கை எடுத்து விட்டுக்கிட்டிருந்தேன். இனி அது செல்லாதுடி, உங்கப்பா கண்டுபிடிச்சிட்டாரு. நாளைக்கு வேற எதை மறைக்கலாம், சீக்கிரம் சொல்லு!"