பாதிப் பனியன்

“என்னம்மா இது? தைக்கறவன் பாதியில ஓடிப்போயிட்டானா?”

அருள்செல்வன் சார் கேட்டதும் கம்ப்யூட்டர் லேபே சிரித்தது. பி.எட். படிக்கும் வினிதாவின் திரையில் பாதிப் பனியன்தான் இருந்தது. ஒரு கை, பாதிக் கழுத்து, பாதி உடம்பு.

நாளைக்குப் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டுமே என்று எல்லோரும் லோகோ என்ற கணினி மொழியைப் பழகிக்கொண்டிருந்தார்கள். ‘முன்னே போ, வலது பக்கம் திரும்பு’ என்று கட்டளை தட்டினால், திரையில் ஒரு குட்டி ஆமை கோடு போட்டுக்கொண்டே நகரும்.

“மீதி எங்கே?”

“துணிய மடிச்சுப் போட்டு வெட்டுனா மீதி தானா வந்துருமுங்க சார்.”

லீவு நாளில் பனியன் கம்பெனியில் கட்டிங் டேபிளில் நின்ற பழக்கம். வாய் முந்திக்கொண்டது.

“ஆமைய எப்படிம்மா மடிப்பே? ஓடு உடைஞ்சிராது?”

மறுபடியும் சிரிப்பு. படத்தைப் பிரிண்ட் எடுத்து ரெக்கார்டு நோட்டில் ஒட்டச் சொல்லி, பக்கத்திலேயே சிவப்பு மையில் ‘பாதிதான் இருக்கிறது’ என்று எழுதினார் சார். பத்துக்கு ஐந்து.

வினிதா மார்க்கைக் கூட்டிப் பார்த்தாள். அந்த ஐந்து போனால் முதல் வகுப்பு போச்சு. முதல் வகுப்பு இருந்தால்தான் வேலை என்று காங்கேயத்துப் பள்ளியில் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்கள்.

செய்முறைத் தேர்வுக்கு வேறு கல்லூரியிலிருந்து ரத்தினசாமி ஐயா வந்தார்.

“திருப்பூருக்கு வந்துட்டு வேற என்னத்தக் கேக்கறது? ஆளுக்கொரு பனியன் போடுங்க. இருபது நிமிசம்.”

அப்புறம் நடந்த கூத்தைச் சொல்லி மாளாது. ஒரு பனியனுக்கு இடது கை முழங்காலைத் தொட்டது. இன்னொன்றுக்குக் கழுத்தே இல்லை. ஒருத்தியின் ஆமை திரையை விட்டே போய்விட்டது.

வினிதா ஏழே நிமிடத்தில் எழுந்தாள். அளவெடுத்த மாதிரி முழுப் பனியன்.

“எப்படிம்மா?”

“மொதல்ல பாதிதானுங்க வரைஞ்சேன். அப்புறம் ஆமையக் கழுத்துக்கே கூட்டிட்டு வந்து, வலதுன்னு இருந்ததையெல்லாம் இடதுன்னும், இடதுன்னு இருந்ததை வலதுன்னும் மாத்தி மறுபடி ஓட்டுனேன். மடிச்ச துணிய விரிச்ச மாதிரி மறுபாதி வந்துருச்சுங்க.”

ரத்தினசாமி ஐயா அசந்துபோனார். “பிள்ளைங்களுக்கு இப்படியல்லவா சொல்லித் தரோணும்! யாரும்மா சொல்லிக்குடுத்தது?”

அவள் வாய் திறப்பதற்குள் அருள்செல்வன் சார் முன்னால் வந்துவிட்டார்.

“நாந்தானுங்க. மடிச்சு வெட்டற முறை. நம்மூருப் பிள்ளைங்களுக்குப் புரியோணுமேன்னு நானே யோசிச்சதுங்க.”

வினிதா தலையைக் குனிந்துகொண்டாள். மார்க் சார் கையில் இருக்கிறதே.

“அப்படீங்களா!” என்று ரத்தினசாமி ஐயா அவளுடைய ரெக்கார்டு நோட்டைப் புரட்டினார். பாதிப் பனியன். சிவப்பு மை. ஐந்து மார்க். பிறகு சட்டைப் பையிலிருந்த பேனாவை எடுத்து சாரிடம் நீட்டினார்.

“உங்க முறைப்படி மார்க்கையும் மடிச்சே போட்டுட்டீங்களாட்ட இருக்குதுங்க சார். இந்தாங்க, விரிச்சுருங்க.”