மடுவில் மூன்று இடம்

"தவளை பேரை விட்டுடு. அந்த இடத்துல கொக்கு பேரைச் சொல்லு" என்றது நாரை. நண்டுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

ஏரி எந்தப் பக்கம் முதலில் வற்றும் என்று கண்டுபிடிக்கிற ஆராய்ச்சி அது. நாரைதான் தலைமை. தோண்டியது நண்டு. தோண்டிய சேற்றில் வெயிலோடு வெயிலாகப் படுத்து, ஈரம் எவ்வளவு என்று உடம்பால் பார்த்துச் சொன்னது தவளை. அதில் அதன் முதுகுத் தோலே வெடித்துவிட்டது. நாரையின் அக்கா மகன் கொக்கு கால்கூட நனைக்கவில்லை.

முடிவை நண்டு ஏரிச் சபையில் சொல்லும்போது யார் யார் பெயர் வருகிறதோ, அவர்களுக்குத்தான் கோடையில் வற்றாத மடுவில் இடம். மொத்தமே மூன்று இடம்.

"ஐயா, மடு கிடைக்கலன்னா அவ செத்துடுவா."

"அடுத்த வருஷம் பார்க்கலாம். நாங்கள்லாம் காத்துக் கிடந்து வந்தவங்கதான். உன் இடமும் என் கையிலதான் இருக்கு, தெரியும்ல? அவளை இன்னொரு தடவை சேத்தைப் பார்த்துட்டு வரச் சொல்லு."

நண்டு போய்ச் சொன்னது. "பேர் வரப்போவுதுன்னா இன்னும் எத்தனை தடவை வேணாலும் படுப்பேன் அண்ணே" என்று தவளை சிரித்தது. உண்மையைச் சொல்ல நண்டுக்கு வாய் வரவில்லை.

சபை கூடிய அன்று தவளை சேற்றோடு சேர்ந்து காய்ந்து கிடந்தது.

"சரி, இனி உனக்கும் சங்கடம் இல்ல. ஏறிச் சொல்லு" என்றது நாரை. கொக்கு இறகைக் கோதிக்கொண்டு முன்னால் வந்து நின்றது.

நண்டு பாறைமேல் ஏறியது. நாரையின் பெயரைச் சொன்னது. தன் பெயரைச் சொன்னது. தவளையின் பெயரைச் சொன்னது. "அவ எங்கே?" என்று யாரோ கேட்டார்கள். கொக்கு பெயரை மட்டும் நண்டு கடைசிவரை சொல்லவில்லை.