முடி மறுபடி வளரும்

நகர மன்றக் கூட்டத்தில் சலூன்காரர் எழுந்து, தன் கடைக்கு எதிரே இருக்கும் சுவரை வெள்ளையடித்து மூடிவிட வேண்டும் என்று பேசி முடித்தார். அடுத்துப் பேச எழுந்தது அவருடைய மனைவி.

அவள் பேசப்போவது அவருக்கே தெரியாது. தன் பக்கம் பேசத்தான் போகிறாள் என்று நினைத்து, நாற்காலியை நகர்த்தி வழிவிட்டார்.

அந்தச் சுவர், மூடிக்கிடக்கும் ஒரு கிடங்கினுடையது. போன வருஷம் நகர மன்றம் அதற்குக் கறுப்பு வண்ணம் அடித்து, கீழே ஒரு தகரப் பெட்டி நிறைய சாக்பீஸ் வைத்தது. யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் எழுதலாம் என்றது.

எழுதினார்கள். காணாமல் போன பூனை, வாடகைக்கு அறை, சாக்கடை அடைப்பு, அடைப்பை எடுக்காத மன்றத் தலைவிக்குப் பிறந்தநாள் வாழ்த்து.

அவற்றுக்கு நடுவில், சலூன் நாற்காலியில் உட்கார்ந்தபடியே படிக்கிற அளவில் ஒரு வரி இருந்தது.

‘எதிர்க்கடையில் முடி வெட்டிக்கொண்டவர்கள் கவனத்துக்கு: முடி மறுபடி வளரும்.’

அதன் கீழே வேறு யாரோ, ‘எப்போது?’ என்று கேட்டிருந்தார்கள்.

சலூன்காரர் ஈரத்துணியோடு போய் அழித்துவிட்டு வந்தார். துணியை மனைவிதான் அலசிக் காயப்போட்டாள். துணி காய்வதற்குள் அந்த வரி சுவருக்குத் திரும்பிவிட்டது. மழை அழித்தாலும் வெயில் வந்ததும் திரும்பியது.

அவருக்கு எல்லார் மேலும் சந்தேகம். தபால்காரரா, பேக்கரிக்காரரா என்று தெருவில் போகிறவர்களின் தலைகளை ஒவ்வொன்றாக உற்றுப் பார்த்தார். எந்தத் தலையிலும் தன் வேலையில் ஒரு குறையும் அவருக்குத் தெரியவில்லை.

வாடிக்கையாளர்கள் சிரித்தார்கள். சிலர் சிரித்த கையோடு அடுத்த தெருக் கடைக்குப் போய்விட்டார்கள். நாடு விட்டு நாடு வந்து, மொழி தெரியாமல் சைகையிலேயே முடிவெட்டி, நின்று நின்று கால் வீங்கி உண்டாக்கிய கடை அது. அவருடைய வயிற்றெரிச்சலில் நியாயம் இருந்தது. மன்றத்தில் அதைத்தான் சொன்னார். புதிய மொழியில் தடுமாறித்தான் சொன்னார். ஆனாலும் பலர் தலையாட்டினார்கள்.

இப்போது மனைவி மைக்கின் முன்னால் நின்றாள்.

சலவைக் கடையில் இஸ்திரி போடுகிறவள். வீட்டுக்குள்ளேகூட ஜன்னலைச் சாத்திவிட்டுத்தான் எதையும் பேசுவாள். அவர்கள் விட்டுவந்த நாட்டில், மதிலில் ஒரு வரி எழுதியதற்காக அவளுடைய அண்ணனை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அண்ணன் திரும்பி வந்தார். வந்த பிறகு மளிகைச் சீட்டுகூடத் தன் கையால் எழுதியதில்லை.

மைக் அவளுக்கு எட்டவில்லை. யாரோ வந்து தாழ்த்திவிட்டார்கள். வாசலில் நின்ற காவலரை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். அவர் வாயை மூடாமல் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார். அதைப் பார்த்ததும் கொஞ்சம் தைரியம் வந்தது.

“இவர் என் வீட்டுக்காரர். ரொம்ப நல்லவர். முடி வெட்டுறது மட்டும் சுமார்தான்.”

மன்றமே சிரித்தது. சலூன்காரர் தன் காலணியைப் பார்த்தார். சிரிப்பு அடங்கும் வரை அவள் மைக் கம்பியை விடாமல் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

“அதை யாரோ எழுதினாங்க. இவரும் வாய்க்கு வந்தபடி திட்டினாரு. அதோட முடிஞ்சுது. எழுதினவங்க வீட்டுக் கதவை யாரும் வந்து தட்டலை. அது போதும்னுதான் நாங்க இவ்வளவு தூரம் வந்தோம். சுவர் இருந்துட்டுப் போகட்டுங்க.”

யாரும் சிரிக்கவில்லை. மன்றத் தலைவி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, சுவர் வேண்டும் என்பவர்களைக் கை தூக்கச் சொன்னார். ஒருமுறை எண்ணினார். சந்தேகத்துக்கு மறுபடியும் எண்ணினார். சுவர் தப்பித்தது.

சலூன்காரரின் கையும் பாதி தூரம் எழுந்ததை மனைவி பார்த்துவிட்டாள். தலை அரித்தது என்று பிறகு சொன்னார்.

அவர் மனைவியோடு வீட்டுக்கு நடந்தார். மற்றதையெல்லாம் செரித்துவிட்டார். அந்தச் ‘சுமார்’ மட்டும் தொண்டையில் நின்றது.

சுவருக்குப் பக்கத்தில் வந்ததும் நின்றார். தகரப் பெட்டியில் கைவிட்டு ஒரு துண்டு சாக்பீஸை எடுத்தார். ‘எப்போது?’ என்ற கேள்விக்குக் கீழே, ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டி எழுதினார்.

‘ஒரு மாதத்தில். அப்போது மறுபடி வாருங்கள்.’

எழுதிவிட்டுத் தள்ளி நின்று அழகு பார்த்தார். கையைத் தட்டிக்கொண்டே, மேலே இருந்த வரியை யார் எழுதியிருப்பார்கள் என்று மனைவியிடம் கேட்டார்.

“யாரா இருந்தா என்னங்க. கையெழுத்து நல்லா இருக்கு.”

அவர் அந்த வரியை மறுபடி ஒருமுறை பார்த்துத் தலையாட்டினார். முன்னால் நடந்தார்.

போன வருஷம், சுவரின் வண்ணம் காய்ந்த அன்று, வேலை முடிந்து வரும் வழியில், அவள் சாக்பீஸும் கையுமாக அங்கே வெகுநேரம் நின்றிருந்தாள். சாக்கடையைப் பற்றி எழுதத்தான் நினைத்தாள். கை எழவில்லை. சலவைக் கடை முதலாளியைப் பற்றி எழுதலாமா என்று பார்த்தாள். தெருவின் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் கையைக் கீழே போட்டாள்.

யாரைப் பற்றி எழுதினால் ஜீப் வராது என்று, ஊரில் தெரிந்த முகங்களை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தாள்.

அவ்வளவு நம்பிக்கையான ஆள் ஒரே ஒருவர்தான் அகப்பட்டார்.