சிவப்புக் கட்டத்தில் பதினெட்டு

"சிவப்புக் கட்டத்துக்குள்ள பதினெட்டுன்னு இவ்வளவு பெருசாப் போட்டிருக்கே, கண்ணுல படலையா சார்? இதை நான் தர முடியாது."

எலெரி அந்த வீடியோ கேம் பெட்டியின்மேல் உள்ளங்கையை ஊன்றிக்கொண்டாள். 'எலும்புத் துறைமுகம் - இரண்டாம் பாகம்.' அட்டையில் ஓர் அறுந்த தலை சிரித்துக்கொண்டிருந்தது.

எதிரே நின்றவர் தம் ஓட்டுநர் உரிமத்தை எடுத்துக் கல்லா மேசைமேல் அறைந்தார். "இந்தா, நல்லாப் பாத்துக்கோ. நாப்பத்தாறு. பதினெட்டைத் தாண்டி ரொம்ப வருஷமாச்சு. போதுமாம்மா?"

சுவான்சீ நகரின் பெரிய கடைத்தெருவில் சனிக்கிழமை நண்பகல். வரிசை வாசலைத் தொட்டிருந்தது. பின்னாலிருந்து தலை நரைத்த பெண்ணொருத்தி குரல் கொடுத்தாள். "என்கிட்டயும் வயசைக் காட்ட அடையாள அட்டை கேளேன் செல்லம்! கேட்டு நாப்பது வருஷமாச்சு!"

வரிசை சிரித்தது. எலெரி சிரிக்கவில்லை, உரிமத்தைத் தொடவும் இல்லை.

"உங்க வயசை நான் கேக்கவே இல்ல சார். ஆடப்போறவங்க வயசைத்தான் கேக்கறேன்."

அவருடைய இடக்கையைப் பிடித்தபடி பத்து வயதுச் சிறுமி ஒருத்தி நின்றாள். அவளுடைய மறுகையில் வினிகர் மணக்கும் உருளைக்கிழங்கு வறுவல் பொட்டலம். எலெரியை நிமிர்ந்து பார்த்து ஏதோ சொல்ல வாயெடுத்தவள், அவர் தன் விரல்களை இறுக்கியதும் தலையைக் குனிந்துகொண்டாள்.

"ஆடப்போறது நான்தான்," என்றார் அவர்.

"எந்த மெஷின்ல போட்டு ஆடுவீங்க?"

அவர் யோசிப்பதற்குள், "என்னோடதுல," என்று வறுவலை மென்றபடியே சொல்லிவிட்டாள் சிறுமி.

வரிசை மறுபடியும் சிரித்தது. அவருடைய காதுகள் சிவந்தன.

"சரி, இவளுக்குத்தான்! அதுக்கு என்ன இப்போ? வாரத்துல இந்த ஒரு நாள்தான் இவ என்கிட்ட இருக்கா. அன்னிக்கு இவ என்ன கேட்டாலும் வாங்கித் தருவேன். என் பொண்ணுக்கு எது நல்லதுன்னு எனக்குத் தெரியும். கல்லாவுல நிக்கிறவ வந்து பாடம் நடத்த வேண்டாம்."

"வாங்கித் தர்றது ஒரு நாள் வேலை சார். மத்த ஆறு நாளும் ராத்திரி முழிச்சிருக்கறது யாரு?"

"வாயைப் பாரு! உன்னை யாரு வளர்த்தது?"

"எங்கம்மா சார்."

அவர் குனிந்து, அவள் சட்டையில் குத்தியிருந்த பேட்ஜை எழுத்தெழுத்தாகப் படித்தார். "எ... லெ... ரி. பேரு என்னமோ நல்ல பேராத்தான் வெச்சிருக்காங்க. புகார்ல எழுதறதுக்கு வசதி. கூப்பிடு உங்க மேனேஜரை."

கூப்பிட வேண்டிய அவசியமே இருக்கவில்லை. இரைச்சல் கேட்டு உள்ளறையிலிருந்து மேலாளர் டில்வின் வந்துகொண்டிருந்தார். நடந்ததைக் கேட்டதும் அவர் முதலில் பார்த்தது வரிசையின் நீளத்தை. அதன் பிறகே எலெரியை.

"பெத்த அப்பாவே சரிங்கிறார். உனக்கென்ன வந்தது? பில்லைப் போடு."

"முதல் நாளே நீங்கதானே சொன்னீங்க? பெரியவங்க வாங்கினாலும், சின்னப் பிள்ளைக்குத்தான்னு தெரிஞ்சா விக்கக் கூடாதுன்னு. இதோ, சுவத்துலகூட மாட்டியிருக்கு."

டில்வின் குரலைத் தாழ்த்தினார். "அது அதிகாரிங்க சோதனைக்கு வர்ற நாளுக்கு மாட்டினது. சனிக்கிழமைக்கு இல்ல."

எலெரி சுவரிலிருந்த அந்தச் சட்டத்தைப் பார்த்தாள். வரிசையின் நீளத்தைப் பார்த்து வளைந்துகொடுப்பதற்கு விதி என்ற ஒன்றை எழுதி, கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டுவானேன்? ஆறு மாதம் அலைந்து கிடைத்த வேலை இது. சேர்ந்து மூன்று வாரம் முடியவில்லை. இருந்தும், பெட்டியின்மேல் இருந்த கையை அவள் எடுக்கவில்லை.

"போட மாட்டேன்."

"கடைசியாச் சொல்றேன் எலெரி. பில்லைப் போடு. இல்லைன்னா பேட்ஜைக் கழட்டி வெச்சுட்டுக் கிளம்பு."

"அப்படிச் சொல்லுங்க," என்றார் அந்த மனிதர். ஆனால், அவர் குரலில் முன்பிருந்த வேகம் இல்லை.

"வித்துத் தொலைம்மா, எனக்கு பஸ் போயிடும்," என்றார் வரிசையில் நின்ற ஒருவர்.

எலெரி வெடித்தாள். "இதோட முதல் பாகத்தை ஆடினதுலேர்ந்து அந்தப் பொண்ணுக்குத் தூக்கமே கிடையாது, தெரியுமா உங்களுக்கு? விளக்கை அணைச்சா அலர்றா. கட்டிலுக்கு அடியில ஆள் இருக்குன்னு முழங்காலைக் கட்டிக்கிட்டு விடியவிடிய உக்காந்திருக்கா. வகுப்புல தூங்கி விழறா. இப்போ ரெண்டாம் பாகமா? வாங்கிக் கொடுக்கறவருக்கு அது தெரியாது, ஏன்னா அவர் ஆறு மணிக்கு வாசல்ல இறக்கி விட்டுட்டுப் போயிடுவார்!"

சிறுமி வறுவல் மெல்லுவதை நிறுத்தியிருந்தாள்.

டில்வின் நெற்றியைச் சுருக்கினார். "யாரோ ஒருத்தர் வீட்டுக் குழந்தை ராத்திரி தூங்குதா இல்லையான்னு உனக்கு எப்படித் தெரியும்?"

எலெரி தன் பேட்ஜைக் கழற்றினாள். அட்டையில் சிரித்துக்கொண்டிருந்த தலையின்மேல், அதன் வாயை மறைக்கும்படி அதை வைத்தாள்.

"ஏன்னா, பக்கத்துக் கட்டில் என்னோடது," என்றாள். பிறகு எதிரே நின்றவர் பக்கம் திரும்பினாள். "ஆறு மணிக்கு லேட் பண்ணாம என் தங்கச்சியை அம்மாகிட்ட கொண்டு வந்து விட்டுடுங்கப்பா."