ஹாரனுக்குள் குடியிருந்த தவளை

ஐம்பது வருஷம் கழித்துப் பேரப்பிள்ளைகள் பார்க்கட்டும் என்று, ஓர் ஊரில் புத்தம்புதுப் பச்சைக் கார் ஒன்றை மைதானத்தில் சிமெண்ட் தொட்டி கட்டிப் புதைத்தார்கள். நாளடைவில் தொட்டி விரிசல் விட்டது. மழைத்தண்ணீரோடு உள்ளே வந்த ஒரு தவளை, காரின் பித்தளை ஹாரனுக்குள் குடியேறிக்கொண்டது.

"இறங்குடா அங்கிருந்து. அது என் குரல். அதைக் கேட்க ஊரே வரப்போகுது," என்று கார் தினமும் விரட்டும்.

"வரட்டும் அண்ணே, அப்போ பார்த்துக்கலாம்," என்று தவளை நகராமல் உட்கார்ந்திருக்கும்.

சொன்ன நாளில் ஊர் மேளதாளத்தோடு திரண்டு வந்தது. கிரேன் தூக்கியதும் கார் நெஞ்சை நிமிர்த்தியது. ஆனால் மேளம் சட்டென்று நின்றுவிட்டது. பச்சை நிறத்தையே காணோம், உடம்பெல்லாம் துரு.

"பழைய இரும்புக்குத்தான் போடணும்," என்றார் ஒருவர். காருக்கு மறுபடி மண்ணுக்குள்ளேயே போய்விடலாம் போலிருந்தது.

கிரேன் ஓட்ட வந்த ஜெசிந்தாவுக்கு மனசு கேட்கவில்லை. இறங்கி வந்து ஹாரனின் ரப்பர் பந்தை அமுக்கினாள். பந்து கையோடு உதிர்ந்தது. உள்ளேயிருந்து மட்டும் "குர்ர்ராக்" என்று மைதானமே அதிர ஒரு சத்தம் வந்தது.

விசில் பறந்தது. மேளம் மறுபடி முழங்கியது. மாலை போட்டு, லாரியில் ஏற்றி, காரை ஊர்வலமாகக் கொண்டுபோனார்கள். தெருவுக்குத் தெரு யாராவது ஹாரனைத் தட்ட, அது தவறாமல் கத்தியது.

"கேட்டியா தம்பி? இத்தனை வருஷமாகியும் என் குரல் கொஞ்சமும் மாறலை," என்றது கார். "நீயும் அங்கேயே இருந்துக்கோ. எனக்கொண்ணும் இடைஞ்சலில்லை."

"ரொம்ப சந்தோஷம் அண்ணே," என்ற தவளை, அடுத்த தெரு வருவதற்குள் மூச்சை நன்றாக இழுத்துப் பிடித்துக்கொண்டது.