சைகோன் வீட்டு வைஃபை

முல்லா வீதி முனையில் கேரவனை நிறுத்தியதும் புருஷோத்தமன் லேப்டாப்பைத் திறந்தான். முகம் வெளிறியது.

"போன்ல டேட்டா சுத்தமா காலி. தினமும் நாலு மணிக்குள்ள வீடியோ போகலன்னா என் வேலை போயிடும் நிர்மலா. ஊர் சுத்திக்கிட்டே வேலை பாருன்னு விட்ட மேனேஜர், நேத்தே கடைசி வார்னிங் குடுத்துட்டாரு."

"பீச் பக்கத்து ஓட்டல்ல கேட்டீங்களா?"

"ரூம் போட்டாத்தான் வைஃபையாம். அந்த வாடகைக்கு நம்ம வண்டி கன்னியாகுமரி வரைக்கும் போயிட்டு வந்துடும்."

சேலத்திலிருந்து கிளம்பி இருபது நாளாகிவிட்டது. அடுப்பு, படுக்கை, துணி காயப்போடும் கொடி எல்லாம் வண்டிக்குள் இருந்தன. பெரிய வீடியோ அனுப்பும் அளவுக்கு மலிவான இன்டர்நெட் மட்டும் எந்த ஊரிலும் கிடைக்கவில்லை.

திரையில் ஒரே ஒரு வைஃபை பலமாகத் தெரிந்தது. பெயர் 'சைகோன் ஹவுஸ்'. நிமிர்ந்து பார்த்தார்கள். எதிரே மஞ்சள் சுவர், பச்சை ஜன்னல், கதவுக்கு மேலே கல்லில் அதே பெயர். வாசல் நிழலில் வெள்ளை ஜிப்பாவும் தொப்பியுமாக ஒரு பெரியவர், நாற்காலியில் முதுகு சாயாமல் உட்கார்ந்திருந்தார்.

"இந்த மாதிரி பெரியவங்க பாஸ்வேர்டா என்ன வெப்பாங்க? தாத்தா பேரு, வீடு கட்டின வருஷம். போய்ப் பேச்சுக் குடு."

"நேராவே கேட்டுட்டா என்ன?"

"இல்லன்னுட்டார்னா? அப்புறம் தாத்தா பேரை விசாரிச்சா சந்தேகம் வந்துடும்."

நிர்மலாதேவி காலி பாட்டிலோடு போனாள்.

"உள்ள வாம்மா. தண்ணி கேட்டு வந்தவங்களை வாசல்ல நிக்கவெச்ச குடும்பம் இல்ல இது" என்றார் பெரியவர் அன்வருதீன்.

"வீடு ரொம்ப அழகுங்கய்யா. யாரு கட்டினது?"

"எங்க பாட்டனார் காதர் சாயபு. கப்பலேறி சைகோன் போயி துணி வியாபாரம் பண்ணவரு. பிரெஞ்சு கவர்னரே 'முசியே காதர்'னுதான் கூப்புடுவாரு. இந்த வீடு எழும்பினது 1923ல."

அலமாரி மேல் ஒரு பெட்டி பச்சை விளக்கைச் சிமிட்டிக்கொண்டிருந்தது. "அது என்னங்கய்யா?" என்றாள் அப்பாவியாக.

"அதுவா? பாரிஸ்ல இருக்கற பேரன் ரிஹான் மாட்டிட்டுப் போனது. நான் தொடறதே இல்ல. எனக்கு மறந்துபோவும்னு குடும்பத்துப் பேரையே ஏதோ பூட்டு மாதிரி வெச்சிருக்கானாம்."

மூன்று கிளாஸ் டீயும் இரண்டு மணி நேரமும் ஆனது. வண்டிக்கு ஓடி வந்து சொன்னாள். இங்கிலீஷில் காதர், பக்கத்தில் 1923. திறந்துகொண்டது!

மறுநாள் திறக்கவில்லை. நிர்மலாதேவி மறுபடி போனபோது பெரியவரின் முகம் இறுகியிருந்தது.

"யாரோ எங்க லைனைத் திருடறாங்களாம்மா. ரிஹான் அங்கேருந்தே பார்த்துட்டு வேற பேரா மாத்திட்டான். கேட்டா குடுப்போம். கேக்காம எடுக்கறவன் கையில கிடைக்கட்டும், நேரா போலீஸ்ல ஒப்படைப்பேன்."

அவள் டீ கிளாஸைக் கீழே வைத்தாள். "வேற... யாரு பேருங்கய்யா?"

"எனக்கு எப்படித் தெரியும்? ஆனா பாட்டனாருக்கு அடுத்து இந்த வீட்டுல பெரிய மரியாதை அவரு குதிரைக்குத்தான். சுல்தான்னு பேரு. அது 1931ல என்ன பண்ணுச்சு தெரியுமா?"

குதிரை செய்ததைச் சொல்லி முடிக்க மூன்று மணி நேரம் பிடித்தது. சுல்தான் 1931 திறந்தது.

அதன்பின் தினமும் பாஸ்வேர்ட் மாறியது. தினமும் நிர்மலாதேவி போனாள். நான்காம் நாள், பெரியவர் சொல்லிவந்த அத்தை கல்யாணத்து ஊர்வலம் இரண்டாவது தெரு திரும்பும்போது அவள் கண்ணயர்ந்துவிட்டாள்.

"வருஷம் சொல்லலியா?"

"சொல்லியிருப்பாரு. நான் முழிச்சப்போ மாப்பிள்ளை வீட்டுக்காரங்க சாப்பிட்டுக்கிட்டு இருந்தாங்க."

"தூங்கினியா? என் வேலையே போவப்போவுது, நீ கல்யாண வீட்ல தூங்கற!"

பதினோரு வருஷங்களைப் போட்டுப் பார்த்தான். வீடியோ போனபோது மணி மூன்று ஐம்பத்தெட்டு.

ஆறாம் நாள் அவர்கள் கிளம்பினார்கள். தன் கொள்ளுத்தாத்தா பெயர் தெரியாத நிர்மலாதேவிக்கு, இப்போது அன்வருதீன் வீட்டு நான்கு தலைமுறையும் ஒரு குதிரையும் மனப்பாடம். உப்பிட்ட வீட்டில் திருடிய உறுத்தல் தாங்காமல் விடைபெறப் போனாள்.

"ஐயா, நான் ஒரு தப்பு..."

அன்வருதீன் கையை உயர்த்தித் தடுத்தார். "பெரியவங்க பேசறப்போ குறுக்க ஒரு வார்த்தை பேசாத பொண்ணு நீ. உனக்குத் தப்புப் பண்ண வராது. இந்தா, வழியில சாப்புடுங்க" என்று ஒரு டப்பா நிறைய தம்ரோட் இனிப்பைக் கையில் திணித்தார். அவள் கண்கலங்கி வண்டி ஏறினாள்.

கேரவன் தெருமுனை திரும்பியதும் அன்வருதீனின் மனைவி ஜஹபர் நிஷா வெளியே வந்தார்.

"சைகோன்னு நீங்க ஆரம்பிச்சாலே நம்ம புள்ளைங்க செருப்பைத் தேடுதுங்க. இந்தப் பொண்ணு ஆறு நாள் உக்காந்து கேட்டுச்சே! போன மாசம் அந்த பெங்களூர் வண்டிக்காரரும் அப்படித்தான். எங்கேருந்துங்க ஆளைப் புடிக்கிறீங்க?"

அன்வருதீன் ஜிப்பா பையிலிருந்து போனை எடுத்து, அடுத்த கேரவனுக்காகப் பாஸ்வேர்டை மறுபடியும் 'காதர் 1923' என்று மாற்றினார்.